ஒரு நாளில் பதினைந்து இரவுகள்: செயற்கைக்கோள்களின் மின்சாரம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனிக்கிழமை பிற்பகல்களில் எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் தமிழ் மாணவர்களுக்கு விண்வெளி பற்றிப் பேசி வருகிறேன். பிள்ளைகளை அழைத்துவரும் பெற்றோரும் தாத்தா பாட்டிகளும் பின்வரிசையில் அமர்ந்துகொள்வார்கள். நல்ல கேள்விகள் பெரும்பாலும் அந்த வரிசையிலிருந்துதான் வருகின்றன. ராக்கெட் எப்படிப் பறக்கிறது என்று ஒருவர் கேட்டால், மேலே போன பிறகு அதற்கு மின்சாரம் எப்படிக் கிடைக்கிறது என்று நான்கு பேர் கேட்கிறார்கள். வீட்டு மின்கட்டணத்தை மாதந்தோறும் பார்க்கிறவர்களுக்கு அந்தக் கேள்வி எழுவது இயல்புதான். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே சற்று விரித்து எழுதியிருக்கிறேன்.

செயற்கைக்கோளுக்கு மின்சாரம் எங்கிருந்து கிடைக்கிறது?

சூரியனிலிருந்து. பூமியைச் சுற்றும் செயற்கைக்கோள்களில் ஏறத்தாழ எல்லாமே சூரியத் தகடுகளால்தான் இயங்குகின்றன. தகட்டில் பதித்த சூரிய மின்கலங்கள் ஒளியை நேராக மின்சாரமாக மாற்றுகின்றன. அந்த மின்சாரத்தில் ஒரு பகுதி கருவிகளுக்குப் போகிறது, மறுபகுதி பேட்டரியில் சேர்கிறது. வெயில் இல்லாதபோது பேட்டரி கொடுக்கிறது. இடையில் ஒரு மின்சுற்று உட்கார்ந்து, யாருக்கு எவ்வளவு என்று பங்கிட்டுக்கொண்டே இருக்கிறது.

இவ்வளவு சொன்னால் பாடப்புத்தகக் கேள்விக்கு முழு மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால் செயற்கைக்கோளின் உயிர் இருப்பது தகட்டில் அன்று, பேட்டரியில் என்பது என் கருத்து. வெயில் யாருக்கும் இலவசம். இருட்டைத் தாண்டுவதுதான் கடினம். கீழே வரும் பதில்களில் பாதி இருட்டைப் பற்றியவை.

அவ்வளவு உயரத்தில் எப்போதும் வெயில்தானே? பேட்டரி எதற்கு?

இதைக் கேட்டவர் பேத்தியுடன் வந்த ஒரு பாட்டி. மேகத்துக்கு மேலே போய்விட்டால் நிழலே இருக்காது என்று அவர் நினைத்தார். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

மேகம் இல்லைதான். ஆனால் பூமி இருக்கிறது. பூமிக்கு ஒரு நிழல் உண்டு, அதற்குள்தான் நாம் இரவு என்று தூங்குகிறோம். சுமார் 535 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள் 95 நிமிடங்களில் பூமியை ஒருமுறை சுற்றிவிடுகிறது. நிழலின் நடுவே கடக்கும் சுற்றில் ஏறக்குறைய 35 நிமிடம் அதற்கு இரவு, மீதி ஒரு மணிநேரம் பகல். நமக்கு ஒரு நாள் கழிவதற்குள் அதற்கு 15 பகலும் 15 இரவும் வந்துபோய்விடும். ஓராண்டில் 5,000க்கும் மேற்பட்ட இரவுகள்.

நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள். மேலே அது தலைகீழ்: அங்கே வெயிலின் அருமை நிழலில்தான் தெரியும்.

இருளுக்குள் நுழையும்போது மின்சாரம் மட்டும் நிற்பதில்லை, குளிரும் சேர்ந்து வருகிறது. சுற்றிலும் காற்று இல்லாததால் வெயில் படும் பக்கம் கொதிக்கும், படாத பக்கம் உறையும். பேட்டரி குளிர்ந்துவிட்டால் அதன் திறன் குறையும். ஆகவே பேட்டரியைக் கதகதப்பாக வைக்க ஒரு சூடேற்றி வேண்டும், அந்தச் சூடேற்றிக்கு மின்சாரம் தருவதும் அதே பேட்டரிதான். ஹப்பிள் தொலைநோக்கியின் முதல் தகடுகள் பகலிலிருந்து இரவுக்கும் இரவிலிருந்து பகலுக்கும் மாறும் ஒவ்வொரு முறையும் சூட்டிலும் குளிரிலும் வளைந்து நெளிந்து, தொலைநோக்கியையே நடுங்க வைத்தன. 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் நேரில் போய் அவற்றை மாற்றினார்கள்.

எவ்வளவு பெரிய தகடு, எவ்வளவு பெரிய பேட்டரி வேண்டும் என்று எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

மாதச் சம்பளத்தில் வீட்டுச் செலவைத் திட்டமிடுவது போலத்தான். உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு இதைச் செய்துபார்க்கலாம்.

ஒரு செயற்கைக்கோள் இடைவிடாமல் 300 வாட் செலவழிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரவு 35 நிமிடத்துக்கு மேல் சற்று, அதற்குத் தேவைப்படுவது ஏறத்தாழ 180 வாட்-மணி (ஒரு வாட்டை ஒரு மணிநேரம் செலவழித்தால் ஒரு வாட்-மணி). அவ்வளவையும் அடுத்த ஒரு மணிநேரப் பகலுக்குள் பேட்டரிக்குத் திருப்பித் தந்துவிட வேண்டும். போடுவதிலும் எடுப்பதிலும் கொஞ்சம் வீணாவதால் 200 என்றே கொள்ளலாம். பகலில் நடக்கும் செலவு 300, பேட்டரிக்கு 200, ஆக 500 வாட் தரும் தகடு வேண்டும். 300 வாட் வாழ்க்கைக்கு 500 வாட் வருமானம்.

பூமிக்கு அருகே சூரியஒளி ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1,361 வாட். நல்ல விண்வெளி மின்கலம் அதில் 30 விழுக்காட்டை மின்சாரமாக்கும், அதாவது 400 வாட்டுக்குச் சற்று மேல். கணக்குப்படி 1.2 சதுர மீட்டர் போதும். ஆனால் கதிர்வீச்சு பட்டுப்பட்டு ஆண்டுதோறும் மின்கலங்களின் திறன் குறைவதால், கடைசி ஆண்டிலும் பற்றாக்குறை வராதபடி கூடுதலாக வைக்கிறார்கள். சாப்பாட்டு மேசை அளவு என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

பேட்டரிக் கணக்கில்தான் மாணவர்கள் தவறுவார்கள். 180 வாட்-மணி தேவை என்றால் 180 வாட்-மணி பேட்டரியை எழுதிவிடுவார்கள். கைத்தொலைபேசியை நாள்தோறும் முழுவதும் தீர்த்துத் தீர்த்து மின்னேற்றினால் இரண்டு மூன்று ஆண்டுகளில் அதன் பேட்டரி நோஞ்சானாகிவிடுகிறது அல்லவா? அது அதிகம் போனால் ஆயிரம் முறை. செயற்கைக்கோளின் பேட்டரி ஆண்டுக்கு 5,000 முறைக்குமேல் தாங்க வேண்டும், மாற்றித் தர ஆளும் இல்லை. ஆகவே ஒவ்வோர் இரவிலும் அதன் கொள்ளளவில் கால்பங்கு அளவில்தான் எடுக்கிறார்கள். 180 வாட்-மணி வேண்டுமானால் 700 வாட்-மணி பேட்டரி ஏற்றுகிறார்கள். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று நம் முன்னோர் சொன்னது இந்தப் பொறியாளர்களுக்கு மிகவும் பொருந்தும். அள்ள அள்ளக் குறையாத சூரியனுக்குக் கீழே இருந்தும் வாட் வாட்டாக அளக்கிறார்கள்.

சிங்கப்பூரின் செயற்கைக்கோள்களும் இப்படித்தான் இயங்குகின்றனவா?

ஆம். இந்தக் கேள்விக்கு மட்டும் நான் சற்று நீளமாகப் பதில் சொல்வேன், ஏனென்றால் நம் நாடு இருக்கும் இடத்துக்கும் மின்சாரத்துக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது.

இங்கேயே வடிவமைத்துக் கட்டிய முதல் செயற்கைக்கோள் எக்ஸ்-சாட். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் தற்காப்பு ஆய்வு அமைப்பான டிஎஸ்ஓ தேசிய ஆய்வுக்கூடங்களும் சேர்ந்து உருவாக்கின. 2011 ஏப்ரல் 20ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இந்தியாவின் பிஎஸ்எல்வி ராக்கெட்டில் போனது. அது துருவங்களையொட்டிச் சுற்றியது. உலகின் பல புவிக் கண்காணிப்புச் செயற்கைக்கோள்கள் அப்படிச் சுற்றுபவைதான்.

2015 டிசம்பர் 16ஆம் தேதி ஒரே பிஎஸ்எல்வியில் சிங்கப்பூரின் 6 செயற்கைக்கோள்கள் ஏறின. அவற்றில் பெரியதான டெலியோஸ்-1 துருவப் பாதைக்குப் போகவில்லை, நிலநடுக்கோட்டையொட்டிய பாதையைத் தேர்ந்தெடுத்தது. காரணம் எளிது. நாம் இருப்பது நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்றரை பாகைக்கும் குறைவான தொலைவில். துருவப் பாதையில் போகும் செயற்கைக்கோள் சிங்கப்பூரின் தலைக்குமேல் எப்போதாவதுதான் வரும். நிலநடுக்கோட்டுப் பாதையில் போனாலோ ஏறத்தாழ நூறு நிமிடத்துக்கு ஒருமுறை, நாளுக்கு 14 முறை, நம் பக்கம் வந்துபோகும். மலாக்கா நீரிணைக் கப்பல்களையும் அண்டை நாடுகளின் காட்டுத்தீயையும் பார்க்க விரும்பும் சிறிய நாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான பாதை கிடையாது.

இதற்கு ஒரு விலை உண்டு, அந்த விலை இருட்டு. சில துருவப் பாதைகளை விடியலும் அந்தியும் சந்திக்கும் கோட்டின் மேலேயே செல்லும்படி அமைக்கலாம். அப்படிப் போகிறவற்றுக்கு ஆண்டின் பெரும்பகுதி வெயில் இடைவிடாமல் கிடைக்கும். ஐரோப்பாவின் சென்டினல்-1 ரேடார் செயற்கைக்கோள்கள் அந்தப் பாதையில்தான் சுற்றுகின்றன. நிலநடுக்கோட்டுப் பாதைக்கு அந்தச் சலுகையே இல்லை. ஆண்டின் 365 நாளும், ஒவ்வொரு சுற்றிலும், முழு இரவு.

2023 ஜூலை 30ஆம் தேதி ஏவப்பட்ட டிஎஸ்-சார் செயற்கைக்கோளை இதோடு சேர்த்துப் பாருங்கள். 360 கிலோ எடை, 535 கிலோமீட்டர் உயரம், நிலநடுக்கோட்டிலிருந்து 5 பாகைச் சாய்வு. அதிலிருப்பது ரேடார். நம் வட்டாரத்தில் எப்போதும் மேகம் திரண்டிருப்பதால் சாதாரணக் கேமராவுக்குப் பல நாள் வெண்பஞ்சு தவிர வேறொன்றும் தெரியாது. ரேடார் மேகத்தை ஊடுருவும், இரவிலும் படமெடுக்கும். கேமரா பிறர் ஒளியில் பார்க்கிறது. ரேடாரோ தானே அலையை அனுப்பி அதன் எதிரொலியைக் கேட்கிறது, ஆகையால் மின்சாரத்தை விழுங்குகிறது. இத்தகைய ரேடார்களைச் சுற்று முழுவதும் இயக்க முடியாததற்கு ஒரு முக்கியக் காரணம் இந்தப் பசிதான். மிக அதிகம் பசிக்கும் கருவியை, இருட்டு மிகுந்த பாதையில், அதுவும் நம் வானத்தின் மேகம் காரணமாகவே அனுப்ப வேண்டியிருந்தது. அந்தப் பேட்டரியை வடிவமைத்தவர்களை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் மொட்டைமாடியில் இருக்கும் தகடும் இதுவும் ஒன்றா?

உறவுக்காரர்கள். மாடியில் இருப்பது சிலிக்கான், திறன் ஏறத்தாழ 20 விழுக்காடு. விண்வெளியில் இன்று பெரும்பாலும் மூவடுக்கு மின்கலங்களைப் பயன்படுத்துகிறார்கள். மாவு சலிக்க மூன்று சல்லடைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்ததாக எண்ணிக்கொள்ளுங்கள். மேலடுக்கு நீல ஒளியைப் பிடிக்கும், நடுவிலுள்ள காலியம் ஆர்சனைடு அடுத்த நிறங்களைப் பிடிக்கும், அடியிலுள்ள ஜெர்மானியம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பைப் பிடிக்கும். விலை மிக அதிகம். ஆனால் ஒவ்வொரு கிலோவையும் ராக்கெட்டில் தூக்கிச் செல்ல ஆகும் செலவைப் பார்த்தால், சிறிய தகட்டில் அதிக மின்சாரம் என்பது கட்டுப்படியாகிவிடும். மேலே ஒரு மெல்லிய கண்ணாடி ஒட்டியிருப்பார்கள், அது கதிர்வீச்சைத் தாங்க.

தெங்கே நீர்த்தேக்கத்தில் 2021இல் திறக்கப்பட்ட மிதக்கும் சூரியப் பண்ணைக்குப் போய்ப் பாருங்கள். 45 ஹெக்டர் பரப்பில் 1,22,000 தகடுகள், உச்சத்தில் 60 மெகாவாட். மேகம் ஒன்று கடந்தாலே அங்கு உற்பத்தி சரிந்துவிடும். விண்வெளியில் மேகமும் இல்லை, மழையும் இல்லை, தகட்டைத் துடைக்க ஆளும் தேவையில்லை.

ஒரு செயற்கைக்கோள் எவ்வளவு மின்சாரம் செலவழிக்கும்?

அளவைப் பொறுத்தது. பல்கலைக்கழக மாணவர்கள் கட்டும் 10 சென்டிமீட்டர் கனசதுரத்துக்குச் சராசரியாக 2 வாட் போல. உங்கள் கைத்தொலைபேசியின் மின்னேற்றிகூட அதைவிட அதிகம் தரும். தொலைக்காட்சி, இணைய ஒலிபரப்புக்கான பெரிய செயற்கைக்கோள்களுக்கு 10 முதல் 20 கிலோவாட். மின்கெண்டி ஒன்று தண்ணீர் கொதிக்க 2 கிலோவாட் எடுக்கும், ஆகவே ஐந்திலிருந்து பத்து கெண்டிகள். அனைத்துலக விண்வெளி நிலையத்தின் பழைய 8 சூரியத் தகட்டுச் சிறகுகள் மட்டும் 75 முதல் 90 கிலோவாட் வரை தந்தன. ஒவ்வொரு சிறகும் 35 மீட்டர் நீளம்.

முதல் செயற்கைக்கோளிலும் சூரியத் தகடு இருந்ததா?

இல்லை. 1957 அக்டோபர் 4ஆம் தேதி பறந்த ஸ்புட்னிக்-1 வெறும் பேட்டரியோடு போனது. அதன் மொத்த எடை 83.6 கிலோ, அதில் 51 கிலோ வெள்ளி-துத்தநாகப் பேட்டரிகள். மூன்று வாரம் பீப், பீப் என்று ஒலித்துவிட்டு அடங்கிவிட்டது.

சிலிக்கான் சூரிய மின்கலத்தைப் பெல் ஆய்வுக்கூடத்தில் 1954இல்தான் செய்துகாட்டியிருந்தார்கள். அன்றைய திறன் 6 விழுக்காடு, விலையோ வீடுகளுக்கு எட்டாதது. அதற்கு ஒரு வேலை கிடைத்தது விண்வெளியில்தான். 1958 மார்ச் 17ஆம் தேதி அமெரிக்கா அனுப்பிய வான்கார்ட்-1 ஒன்றரை கிலோகூட இல்லை, ஒரு பம்பளிமாஸ் பழத்தின் அளவு. அதில் இரண்டு ஒலிபரப்பிகள் இருந்தன. ஒன்றுக்குப் பேட்டரி, மற்றதற்கு 6 சூரிய மின்கலத் தகடுகள். பேட்டரியில் ஓடியது அந்த ஜூன் மாதமே நின்றுவிட்டது. சூரியஒளியில் ஓடியது 1964 வரை பேசிக்கொண்டிருந்தது. விவாதம் அத்தோடு முடிந்தது. பேச்சு நின்றாலும் வான்கார்ட் இன்னும் மேலே சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. மனிதர் அனுப்பி இன்றும் வட்டப்பாதையில் இருப்பவற்றுள் மிகப் பழையது அதுதான். மாணவர்களிடம் இதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கும்.

தகடு சூரியனை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

செயற்கைக்கோளின் பல பக்கங்களில் ஒளியுணரிகள் இருக்கும். வெயில் எந்தப் பக்கம் என்று அவை சொல்லும். தகட்டின் அடியில் இருக்கும் மோட்டார் சூரியகாந்திப் பூவைப் போல அதை மெதுவாகத் திருப்பும். ராக்கெட்டில் ஏறும்போது தகடுகள் பாயைப் போல மடிந்திருக்கும். வட்டப்பாதையை அடைந்ததும் பூட்டு விடுபட்டு விரியும். சிறிய செயற்கைக்கோள்களில் அந்தப் பூட்டு பெரும்பாலும் ஒரு நைலான் இழை. அதைச் சூடாக்கி உருக்கி அறுப்பார்கள்.

விரியும்வரை இருப்பது பேட்டரி மட்டுமே. விரியாவிட்டால்? 1973 மே மாதம் ஏவப்பட்ட ஸ்கைலாப் விண்வெளி நிலையத்தின் ஒரு சிறகு ஏறும்போதே பிய்ந்துபோனது, இன்னொன்று உலோகப் பட்டையில் சிக்கிக்கொண்டது. பின்னால் போன வீரர்களில் இருவர் வெளியே வந்து, பட்டையை வெட்டி, கயிற்றைக் கட்டித் தோளால் உந்தி அந்தச் சிறகை விடுவித்தார்கள். நிலையம் பிழைத்தது.

திசை தவறினாலும் இதே ஆபத்துதான். சூரியனை ஆராயும் சோஹோ விண்கலம் 1998 ஜூனில் கட்டுப்பாட்டை இழந்து சுழலத் தொடங்கியது. தகடுகளின் விளிம்பு சூரியனை நோக்கி நின்றதால் மின்சாரம் அறவே இல்லாமல் போய், எரிபொருளும் உறைந்தது. சூரியனை ஆராயப் போன கலம் சூரியஒளி இல்லாமல் கிடந்தது. பொறியாளர்கள் கைவிடவில்லை. கலம் சூரியனைச் சுற்றிவர வர, வாரக்கணக்கில் தகடுகளின் மீது ஒளி சாய்வாக விழத் தொடங்கும் என்று கணக்கிட்டுக் காத்திருந்தார்கள். ஆகஸ்ட் மாதம் மெல்லிய சமிக்ஞை வந்தது. முதலில் பேட்டரியை ஏற்றினார்கள், பிறகு எரிபொருளை உருக்கினார்கள், பிறகு கலத்தைத் திருப்பினார்கள்.

பேட்டரி செத்துவிட்டால் செயற்கைக்கோளும் செத்துவிடுமா?

பெரும்பாலும் ஆம். ஆனால் எனக்கு மிகப் பிடித்த விதிவிலக்கு ஒன்று உண்டு.

ஆஸ்கர்-7 என்பது வானொலி ஆர்வலர்களுக்காக 1974 நவம்பரில் அனுப்பப்பட்ட, 30 கிலோவுக்கும் குறைவான ஒரு சிறு செயற்கைக்கோள். 1981இல் அதன் பேட்டரியில் குறுக்குச்சுற்று ஏற்பட்டு, தகடு தரும் மின்சாரம் முழுவதையும் அதுவே உறிஞ்சிவிட, செயற்கைக்கோள் ஊமையானது. 21 ஆண்டுகள் யாரும் அதைக் கேட்கவில்லை. 2002 ஜூன் 21ஆம் தேதி ஒருவர் தம் வானொலியில் பழைய பழக்கமான ஒலி ஒன்றைக் கேட்டார். குறுக்குச்சுற்று ஏற்பட்ட அந்தப் பேட்டரி காலப்போக்கில் உள்ளேயே அறுந்து, சுற்றிலிருந்து விலகிவிட்டிருந்தது. இப்போது தகட்டின் மின்சாரம் நேராகக் கருவிகளுக்குப் போகிறது. வெயில் படும்போது ஆஸ்கர்-7 விழிக்கிறது, நிழலுக்குள் போகும்போது அணைகிறது. பேட்டரியே இல்லாமல் வாழக் கற்றுக்கொண்ட செயற்கைக்கோள் அது.

மற்றவை பேட்டரியைப் பேணித்தான் வாழ்கின்றன. ஹப்பிள் தொலைநோக்கி 1990இல் கொண்டுபோன நிக்கல்-ஹைட்ரஜன் பேட்டரிகள் 2009 வரை உழைத்தன. விண்வெளி நிலையத்தில் 2017 முதல் 2021 வரை 48 பழைய பேட்டரிகளை எடுத்துவிட்டு, அவற்றின் இடத்தில் 24 லித்தியம் அயான் பேட்டரிகளைப் பொருத்தினார்கள். எண்ணிக்கை பாதியானது, வேலை குறையவில்லை.

ஒரே இடத்தில் நிற்கும் தொலைத்தொடர்புச் செயற்கைக்கோள்களுக்கும் இரவு உண்டா?

உண்டு, மிகக் குறைவு. 36,000 கிலோமீட்டர் உயரத்தில் பூமியின் நிழல் பெரும்பாலும் அவற்றைத் தொடாமல் மேலேயோ கீழேயோ விலகிப் போய்விடும். மார்ச், செப்டம்பர் மாதங்களில் சம இரவு நாளையொட்டி ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 45 நாள் மட்டும் நாளுக்கொருமுறை நிழல் படும், அதிகபட்சம் 70 நிமிடம் போல. சிங்கப்பூருக்குப் பங்குள்ள எஸ்டி-2 செயற்கைக்கோள் 88 பாகை கிழக்கில் நிற்கிறது. அதற்கு அந்த இருட்டு வருவது நம் நேரப்படி அதிகாலை 2 மணியையொட்டி. இப்படிப்பட்ட செயற்கைக்கோள் 15 ஆண்டுகளில் காணும் இரவுகளின் எண்ணிக்கையை, டிஎஸ்-சார் போன்ற ஒன்று மூன்றே மாதங்களில் கண்டுவிடும்.

அணுசக்தி பயன்படுத்துவதில்லையா?

பூமியைச் சுற்றுபவற்றில் இப்போது அநேகமாக இல்லை. முன்பு இருந்தது. சோவியத் ஒன்றியம் கடற்படைக் கப்பல்களைக் கண்காணிக்க ரேடார் செயற்கைக்கோள்களை மிகத் தாழ்வாகப் பறக்கவிட்டது. அவ்வளவு தாழ்வில் மெல்லிய காற்று உண்டு, பெரிய தகடுகளை விரித்தால் அது பாய்மரத்தைப் போலப் பிடித்து இழுத்துக் கீழே கொண்டுவந்துவிடும். ஆகவே சிறிய அணு உலையை வைத்தார்கள். அவற்றில் ஒன்றான காஸ்மோஸ்-954, 1978 ஜனவரி 24ஆம் தேதி கனடாவின் வடபகுதியில் விழுந்து கதிரியக்கத் துண்டுகளைப் பனியில் இறைத்தது. ஒரு காலத்தில் ரேடார் என்றால் அணு உலை வேண்டும் என்றிருந்த நிலை மாறி, இன்று நம் டிஎஸ்-சார் வெறும் வெயிலை வைத்தே ரேடார் ஓட்டுகிறது. இதை நான் உண்மையான முன்னேற்றம் என்பேன்.

சூரியனை விட்டு வெகுதூரம் போகும் கலங்களின் கதை வேறு. அங்கே வெயில் போதாது. 1977இல் புறப்பட்ட வாயேஜர் கலங்கள் புளுட்டோனியம்-238 தானாகச் சிதையும்போது வரும் வெப்பத்தை மின்சாரமாக்குகின்றன. தொடக்கத்தில் ஏறத்தாழ 470 வாட் கிடைத்தது, ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வருகிறது.

அவ்வளவு வேகமாகச் சுற்றுகிறதே, சைக்கிள் டைனமோ போல மின்சாரம் எடுக்க முடியாதா?

ஒரு தொடக்கக் கல்லூரி மாணவர் கேட்டது. முடியும், செய்தும் பார்த்திருக்கிறார்கள். பூமியின் காந்தப்புலத்தை நீண்ட கம்பி ஒன்று வெட்டிக்கொண்டு போனால் அதில் மின்னழுத்தம் பிறக்கும். 1996 பிப்ரவரியில் கொலம்பியா விண்ணோடத்திலிருந்து ஒரு கம்பியை விட்டார்கள். 19.7 கிலோமீட்டர் நீண்டபோது அறுந்துவிட்டது, அதற்குள் 3,500 வோல்ட் பிறந்திருந்தது. ஆனால் டைனமோவை அழுத்தினால் சைக்கிள் மிதிக்கக் கடினமாவது போல, எடுக்கும் மின்சாரத்துக்கு ஈடாகச் செயற்கைக்கோள் வேகத்தை இழந்து தாழும். வெயில் அப்படி எதையும் திருப்பிக் கேட்பதில்லை.

வேலை முடிந்த பிறகு தகடும் பேட்டரியும் என்ன ஆகின்றன?

பேட்டரியைத் தகட்டிலிருந்து துண்டித்து, முழுவதும் தீர்த்துவிட வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் தகடு மின்னேற்றிக்கொண்டே இருக்கும், ஒருநாள் பேட்டரி வெடிக்கலாம். 2015 பிப்ரவரியில் 20 வயதான ஓர் அமெரிக்க ராணுவ வானிலைச் செயற்கைக்கோள், டிஎம்எஸ்பி-எப்13, பேட்டரிக் கோளாறால் உடைந்து சிதறியது. அந்தத் துண்டுகள் மற்றவற்றுக்கு ஆபத்து. சிறிய செயற்கைக்கோள் கட்டுகிறவர்கள் முதல் நாளிலிருந்தே இதற்குத் திட்டமிட வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

எதிர்த்திசையில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. 2022 ஜூன் 30ஆம் தேதி டிஎஸ்-இஓ, நியூசார், ஸ்கூப்-1 ஆகிய 3 சிங்கப்பூர்ச் செயற்கைக்கோள்களை ஏற்றிச்சென்ற பிஎஸ்எல்வியின் நான்காம் அடுக்கு, வேலை முடிந்ததும் குப்பையாகவில்லை. அதன் தொட்டியைச் சுற்றிச் சூரியத் தகடுகளை ஒட்டி, லித்தியம் அயான் பேட்டரியும் வைத்து, இஸ்ரோ அதையே ஓர் ஆய்வுமேடையாக்கியது. வெற்று ராக்கெட்டுக்கு மின்சாரம் கொடுத்தால் அதுவும் ஒரு செயற்கைக்கோள்தான்.

விண்வெளியிலிருந்து சிங்கப்பூருக்கு மின்சாரம் அனுப்ப முடியுமா?

கருத்து 1968இலேயே வந்துவிட்டது. பிரம்மாண்டமான தகடுகளை மேலே விரித்து, மின்சாரத்தை நுண்ணலையாக மாற்றிப் பூமிக்கு அனுப்புவது. 2023இல் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகம் விண்வெளியில் கம்பியில்லாமல் சிறிதளவு மின்சாரத்தை அனுப்பிக் காட்டியது. நம் மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து வருவதாலும், தகடு விரிக்க நிலம் இல்லாததாலும், நமக்கு ஆசை வருவது நியாயம். ஆனால் ஒரு மின்நிலையத்துக்கு ஈடான தகடுகளைத் தூக்கிச் செல்வது இன்றைய ராக்கெட் செலவில் கட்டுப்படியாகாது. என் மாணவர்களின் காலத்தில் பார்க்கலாம்.

இதையெல்லாம் நம் கண்ணால் பார்க்க முடியுமா?

ஒன்றைப் பார்க்கலாம், தொலைநோக்கி வேண்டாம். சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் இரவு 7 மணியையொட்டிச் சூரியன் மறைகிறது. விண்வெளி நிலையம் கடக்கும் நாளை இணையத்தில் பார்த்துக்கொண்டு, இருட்டிய சிறிது நேரத்தில் அடுக்குமாடி வாகன நிறுத்துமிடத்தின் மேல்தளத்துக்கோ ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைக்கோ போங்கள். மிக வெளிச்சமான ஒரு நட்சத்திரம் சத்தமில்லாமல் நகர்ந்து வரும். நமக்கு இரவு வந்துவிட்டது, 400 கிலோமீட்டர் மேலே அதற்கு இன்னும் பகல். அந்த வெளிச்சத்தில் அந்தப் பெரிய தகடுகளில் பட்டுத் திரும்பும் வெயிலும் சேர்ந்திருக்கிறது.

சில நாள்களில் அது அடிவானம்வரை போவதில்லை. மேகமே இல்லாத நடுவானத்தில், பார்த்துக்கொண்டிருக்கும்போதே மங்கி, லேசாகச் சிவந்து, சில விநாடிகளில் காணாமல் போய்விடும். பிள்ளைகள் ஏமாந்துபோய் எங்கே என்று கேட்பார்கள். அது அங்கேயேதான் போய்க்கொண்டிருக்கிறது, பூமியின் நிழலுக்குள் நுழைந்துவிட்டது. அந்தச் சில விநாடிகளில் தகடுகள் ஓய்ந்து, பேட்டரிகள் வேலையை ஏற்றுக்கொண்டன என்று அவர்களிடம் சொல்லுங்கள். உள்ளே இருப்பவர்களின் விளக்கு ஒருமுறைகூடச் சிமிட்டியிருக்காது.